ரோஜா இலையில் வைத்த மை

ராஜபாளையம்
12.2.1988

அன்பு மகன் வீரணனுக்கு அம்மா வெள்ளத்தாய் எழுதுவது. பட்டாளத்துப் பனியில் நீயும் மருமகளும் பேத்தியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை, யாரிடமாவது கொட்டாவிட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது.

எங்கள் தோட்டக் கிளப்தான் உனக்குத் தெரியுமே. மாசம் ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் கூடிப் பதியன் மாற்றிக்கொள்வோம், சேத்தூரிலிருந்து ஆட்டு எரு வந்தால் பங்கு போட்டுக்கொள்வோம். போன மாசக் கடைசியில் பள்ளிக்கூட மைதானத்தில் பூக்கண்காட்சி வைத்தோம். நீ லீவில் ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த ரோஜாவில் ஒரே சமயம் பதினொரு பூ. எதிர்வீட்டுச் சுந்தரம்மாளும் கிளப்பில் இருக்கிறாள். அவள் கண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுபத்தெட்டாம் வருசம் ஆனி மாசம் நம் முருங்கையைப் பார்த்து, ஏயப்பா எம்புட்டுக் காய் என்றாள், மூன்றாம் நாள் காற்றில் மரம் முறிந்தது. நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் பச்சைப்பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது போல, கிளம்பும் முன் ரோஜா இலைகளில் ஏழெட்டு இடத்தில் கண்மையைத் தொட்டு வைத்தேன்.

வினை அதில்தான் வந்தது. நடுவராக வெளியூரிலிருந்து வந்தவர் இலையைப் பார்த்ததும், இது கரும்புள்ளி நோய், மற்றச் செடிக்கும் பரவும், வெளியே எடுங்கள் என்றுவிட்டார். என் தொட்டியைத் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டுப் பக்கம் வைத்தார்கள். கிளப் தலைவர் ஞானதுரை சார் வந்து, வீட்டுக்குக் கொண்டுபோகாம இங்கனயே எரிச்சிருங்கம்மா, இல்லேன்னா அம்புட்டுப் பேரு செடிக்கும் வந்துரும் என்றார். நீ கொண்டுவந்த செடியை எரிக்கவா? முந்தானையால் இலையைத் துடைத்துக் காட்டி, நோயில்லை, மை என்றேன். சும்மா இருக்காமல் கிளப்பில் இருக்கும் சங்கையா, யாரு கண்ணுக்குப் பயந்து வச்சிய ஆச்சி என்று கேட்டான். சுந்தரம்மாள் என் மூஞ்சிக்கு நேரே நிற்கிறாள். வாய்வரை வந்த பேரை விழுங்கிவிட்டு, வந்திருக்க எல்லாரு கண்ணுக்குந்தான் என்று சொல்லித் தொலைத்தேன். ஒருத்தி பேரைச் சொல்லாமல் விடப்போய் முப்பது பேரைச் சொன்னதாக ஆகிவிட்டது.

செடி தப்பியது, நான் மாட்டிக்கொண்டேன். கிளப்பில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. போன ஞாயிறு வேன் பிடித்துச் செண்பகத்தோப்பைச் சுற்றிப்பார்க்கப் போனார்கள், என்னை மட்டும் கூப்பிடவில்லை. அந்த வேனில் போனவர்களில் எத்தனை பேர் வீட்டில் என் பதியன் பூக்கிறது என்று பேர் பேராகச் சொல்வேன். இப்போது என்னிடம் பேசுகிற ஒரே ஆள் யார் தெரியுமா, அந்தச் சுந்தரம்மாள்தான். தினம் சாயங்காலம் காப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊரு கண்ணு பொல்லாதது மதினி, நீங்க சொன்னதுல தப்பே இல்ல என்று ஆறுதல் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே ரோஜா மொட்டை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறாள். வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை, அவளும் வராவிட்டால் நான் யாரிடம் பேச.

பேத்திக்குக் காதை மூடிக் குல்லா போட்டுவிடு. ஆண்டாள் உங்களை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். ஞானதுரை சாருக்கு ஒரு கார்டு போடு, அம்மா எல்லாரையும் நினைத்துச் சொல்லவில்லை என்று எழுது. யாரை நினைத்து என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அம்மா,
வெள்ளத்தாய்