அப்பாவிடம் சொல்லிவிட்டேன்

காட்டூர், திருச்சி
ஆடி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள தம்பி சித்தார்த்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகள் பேட்ரிசியாவும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. அதோடு உன் குரல் கம்மினால் எனக்கும் அழுகை வந்து சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. ஆடிக் காற்று நாள் முழுக்க அடிக்கிறது, மாடியில் காயப்போட்ட உன் பழைய பனியன் ஒன்று பறந்து எதிர்வீட்டு வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டு, யாரோ பெரிய ஆள் கிளையில் உட்கார்ந்து கைகாட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. இந்தக் காற்றில் எனக்குப் பகலிலும் ஒரு தூக்கக் கலக்கம், அடுப்பில் பால் வைத்துவிட்டு எங்கேயோ போய்விடுகிறேன்.

நீ போன வாரம் கூப்பிட்டபோதும் அப்படித்தான் நின்றிருந்தேன். கழுத்தில் இன்னொரு அடி பட்டால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆட்டத்தை விட்டுட்டேம்மா, அப்பாகிட்ட நீயே சொல்லிடு, எனக்கு வாய் வரல என்றாய். சரி என்று சொல்லிவிட்டேனே தவிர எனக்கும்தான் வாய் வரவில்லை. உனக்குத் தெரியாததா. அப்பா தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்குப் பேச்சென்றால் உன் பேச்சுதான். காலையில் டீக்கடையில் நஜிமுதீன் அண்ணனைப் பிடித்து வைத்துக்கொண்டு உன் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார், போட்டியில் இரும்புக் குண்டு எறிகிறவன் என்று அமெரிக்கக் கல்லூரியில் இடம் கொடுத்துக் கூட்டிப் போனது, அங்கே ஒரு கோச் உன் தோளையும் காலையும் பார்த்துவிட்டு, கையால் பந்தை எறிந்து ஆடுகிற அந்த ஊர் ஃபுட்பாலில் முன்வரிசையில் நிறுத்தியது, கல்லூரி முடிந்து போன முதல் டீம் வேண்டாம் என்று அனுப்பியது, அடுத்த டீம் வெறும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டது, பிறகு யாருக்கோ முழங்கால் போன அன்று உன்னை இறக்கியது, அதற்கப்புறம் அந்த இடத்தை நீ விடவே இல்லை என்பதுவரை. பந்தையே தொடாமல் என்ன விளையாட்டு என்று நஜிமுதீன் அண்ணன் கேட்டால், எறியறவன் மேல ஒருத்தன் கை படாம தடுக்கிறதுதாங்க இவன் வேலை, இவன் நிக்கலேன்னா அவன் பந்தை எறியவே முடியாது என்பார். ஒரு தடவை வர்ணனை சொல்கிறவன் உன் பேரைச் சொல்லிவிட்டான் என்று அப்பா ஜிலேபி வாங்கிக் கடையில் எல்லோருக்கும் கொடுத்ததும், எதிராளியின் சட்டையை இழுத்துப் பிடித்த தப்புக்காகத்தான் பேரைச் சொன்னான் என்று நீ போனில் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறதா. அப்பா கொஞ்சமும் அசரவில்லை, பேரைச் சொன்னான்ல, அது போதும் என்றுவிட்டார். இப்படிப்பட்டவரிடம் போய் இனி ஆட்டமே இல்லை என்று எப்படிச் சொல்வது. குளித்துவிட்டு வரட்டும், சாப்பிடட்டும், தூங்கி எழட்டும் என்று தள்ளித் தள்ளிப் போனேன்.

கடைசியில் நேற்றுக் காலை, புதுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம், வாங்க என்று ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிப் போனேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறினோம். பாலத்தில் போகும்போது அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார், சின்னப் பிள்ளை மாதிரி. அம்மா மண்டபத்தில் இறங்கி, கூட்டம் இல்லாத ஓரமாகப் படித்துறையில் உட்கார்ந்தோம். தண்ணீர் நுரையும் பூவுமாகப் போய்க்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தால் படிதான் நகர்கிறது, நாம்தான் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. அந்த மயக்கத்திலேயே சொல்லிவிட்டேன். என்னங்க, தம்பி ஆட்டத்தை விட்டுட்டான், கழுத்துல அடிபட்டிருக்கு, கை மரத்துப் போகுதாம் என்றேன். அவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல், எந்தக் கை என்று கேட்டார். இடது கை என்றேன். சோறு பிசையறது வலது கைலதானே, அதுல ஒண்ணுமில்லையே என்றார். இல்லை என்றேன். துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், திரும்பவும் நனைத்துத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் தெரிந்தது, அழுதுகொண்டிருக்கிறார்.

ஏங்க, இவ்வளவு ஆசையா இருந்தீங்களே என்று நான் தேற்றப் போனேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. “ஆசையா? நான் ஆட்டத்தை என்னைக்குப் பார்த்தேன் சித்ரா? எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் குவியலா விழுவானுங்க. விசில் ஊதுவான். நம்ம புள்ள எந்திரிக்கிறானான்னு பார்ப்பேன். எந்திரிச்சிட்டா மூச்சு வரும், உடனே அடுத்த குவியல். யாரு ஜெயிச்சாங்கன்னு நஜிமுதீன் கேப்பாரேன்னு அப்புறமா போன்ல பார்த்துக்குவேன். வேணாம்டான்னு சொன்னா அவன் மனசு விட்டுருமேன்னு பெருமையாவே பேசிக்கிட்டிருந்தேன்.” அப்புறம் என் பக்கம் திரும்பி, இனிமே விழ மாட்டான்ல என்று கேட்டார். மாட்டான் என்று சொன்னேன். இன்னொரு தடவை கேட்டார், இன்னொரு தடவை சொன்னேன்.

தம்பி, உங்கள் ஊர் இரவு ஆட்டமெல்லாம் எங்களுக்கு விடியற்காலையில்தானே வரும், எத்தனை சீசன் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். எனக்கு அந்த அரைத்தூக்கத்தில் டிவியில் தெரிகிற பச்சை லால்குடிப் பக்கத்து வயல் மாதிரியே இருக்கும், நீங்கள் எல்லாரும் வரிசையாகக் குனிந்து கையைத் தரையில் ஊன்றும்போது நாற்று நடுகிறார்கள் என்றே நினைப்பேன், அப்படியே கண் அசந்துவிடுவேன். பக்கத்தில் இந்த மனுஷன் இப்படி ஒரு பயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீ அப்பாவுக்குத் தலைகுனிவு என்று பயந்தாய், அவர் உனக்கு மனக்கஷ்டம் என்று பயந்தார். நடுவில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அப்பா தூங்கிவிட்டார், காட்டூர் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்த் திருவெறும்பூரில் இறங்கித் திரும்பி வந்தோம். வந்ததும் வராததுமாக அவரே டீக்கடைக்குப் போய் நஜிமுதீன் அண்ணனிடம், பையன் ஆட்டத்தை முடிச்சிட்டாங்க என்று சத்தமாகவே சொல்லியிருக்கிறார். அப்ப இனிமே அந்த இடத்துல யாருங்க நிப்பா என்று அவர் கேட்டாராம். அது அவங்க பாடுங்க, நம்ம புள்ள நின்னது போதும் என்று சொல்லிவிட்டு வந்து, எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்று கேட்டுச் சாப்பிட்டார். மத்தியானம் எனக்கு ஒரு கனவு வந்தது. பச்சையாக ஒரு வெளி, கணுக்கால் அளவு தண்ணீர், நீ தூரத்திலிருந்து நடந்து வருகிறாய், உன் உடம்பு பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரி ஆகியிருக்கிறது, கால் வைக்கிற இடத்தில் தண்ணீர்கூட அசையவில்லை. பசிக்குதா என்று கேட்டேன். இல்லம்மா என்றாய். நீ இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை, சிரித்துக்கொண்டே விழித்துவிட்டேன்.

இனிமேல் எடைக்காக வலுக்கட்டாயமாகச் சாப்பிட வேண்டாம், பசித்தால் மட்டும் சாப்பிடு. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகும், பயப்படாதே. காலையில் அலாரம் வைக்காதே. அடுத்து என்ன வேலை என்று யாராவது கேட்டால் யோசிக்கிறேன் என்று சொல், உண்மையிலேயே மெதுவாக யோசி. கழுத்துக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாதே, மருந்து விஷயத்தில் பேட்ரிசியா சொல்வதைக் கேள், அவளுக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், ரெங்கநாதர் துணை இருப்பார்.

ஒன்று மறக்காதே. டிக்கெட் போட்டதும் எனக்கு முதலில் சொல். அப்பா ஏர்போர்ட்டுக்கு வந்தே தீருவேன் என்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் உன்னைக் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை, ஆனால் நேற்றிலிருந்து அவர் இருக்கிற இருப்பைப் பார்த்தால் இந்தத் தடவை பிடித்துவிடுவார். உன் உயரத்துக்கு எட்டிக் கழுத்தைத்தான் பிடிப்பார். நீ கொஞ்சம் குனிந்து தோளைக் கொடு.

உன் அம்மா,
சித்ராதேவி அடைக்கலம்