ஜன்னல் இல்லாத வண்டி

ஏப்ரல் 7, செவ்வாய்

எடை மேடைக்காரர் சீட்டை நீட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "என்னக்கா, உள்ள கல்லு ஏத்திருக்கீகளா?" கல் இல்லை தம்பி, வண்டிமேல் என் வீட்டுக்காரர் கட்டிய இரும்புக் கூண்டு.

மூவாயிரத்து நூற்றெண்பது கிலோ. ஆர்.சி. புத்தகத்தில் அனுமதி மொத்தமே இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுதான். அரிசி, துணி இன்னும் ஏற்றவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கித்தான் நின்றோம்.

இவர் நாகல் நகரில் இருபத்தாறு வருஷமாக நகைக்கடைகளுக்கு இரும்புப் பெட்டி செய்கிறவர். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். லீவு விட்டதும் இமயமலைக்குப் பனி பார்க்கப் போகிறோம், இந்தச் சின்ன லாரியிலேயே சமைத்து, தூங்கி. ரயிலில் போங்களேன் என்கிறார்கள். இவருக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரியும், கூட்டத்தில் பக்கத்தில் வருகிற ஆள் தெரிவதில்லை. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு தடவை விழுந்தார்.

மதுரையில் கண் டாக்டர் சொன்னது: "ஆறு மாசத்துக்குள்ள பாக்கணும்னு நெனைக்கிறதெல்லாம் பாத்துருங்க பாய்." அதில் இரண்டு மாதம் போய்விட்டது.

ஏப்ரல் 9, வியாழன்

சண்டை. சுவருக்கு நாலு எம்.எம். தகடு எதற்கு என்றேன். முன்னால் அந்தக் கம்பித் தடுப்பு எதற்கு, அடியில் முழு நீளத்துக்கும் தகடு எதற்கு? நாம் என்ன தங்கமா கொண்டு போகிறோம்?

சுவர்த் தகட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு, "ரோட்டோரமாப் படுத்திருப்போம். ஒருத்தன் வந்து நின்னா எனக்குத் தெரியாது ரஃபியா. இரும்பு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."



ஏப்ரல் 10, வெள்ளி

டம்ளருக்குப் பக்கத்தில் டீயை ஊற்றினார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பின்கதவுக்குப் பூட்டு வந்துவிட்டது. லாக்கர் பூட்டு. இரண்டு சாவி, இரண்டையும் போட்டால்தான் திறக்கும். ஒன்று என்னிடம், ஒன்று இவரிடம். "தனி ஆளாத் தெறக்க முடியாது" என்று குழந்தை மாதிரி சிரித்தார். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மெக்கானிக் பேச்சிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "பாய், பிரேக்கு இம்புட்டு வெயிட்டுக்குத் தாங்காது. எஞ்சினுக்கு அடியில மட்டும் தகட்ட வச்சுக்கங்க, அங்க கல்லு அடிச்சா வண்டி நின்னுரும். மத்ததக் கழட்டுங்க." இவர் காதில் வாங்கவே இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

 எழுத்து கோணல் மாணலாகப் போகிறது, போகட்டும்.

சிறுமலைக்கு வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனோம். ஏறியதெல்லாம் ஒழுங்காகத்தான். இறங்கும்போது, "நான் பின்னாடி படுத்துக்கிட்டு வாரேன், வெல்டு எங்க சத்தம் போடுதுன்னு கேக்கணும்" என்றார். பூட்டித்தான் ஆக வேண்டும் என்றும் சொன்னார். அவர் உள்ளே ஏறிப் படுத்ததும், வெளிப்பக்கச் சாவித் துளையில் என் சாவியைப் போட்டு நான் பூட்டினேன். இவர் சாவி இவர் சட்டைப் பையில்.

ஆறாவது வளைவில் பிரேக் மிதி அப்படியே அடியில் போய் உட்கார்ந்தது. யா அல்லாஹ். கியரைக் குறைத்து, கைபிரேக்கை இழுத்து, மலைப் பக்கத்து ஓடையில் இறக்கி நிறுத்தினேன். பின் சக்கரத்திலிருந்து புகை. அது கூண்டுக்குள் ஏறுகிறது. உள்ளேயிருந்து தட்டுகிறார், இருமுகிறார், தட்டுகிறார்.

என் சாவி என் கையில். இவர் சாவி உள்ளே. பூட்டுவதற்கு ஒரு சாவி போதும், திறப்பதற்கு இரண்டு. இந்த அறிவு அப்போதுதான் எனக்கு வருகிறது.

கதவில் காற்றுக்காக விரல் அகலத்துக்கு ஒரு கீற்று வெட்டியிருந்தார். "அது வழியாச் சாவியப் போடுங்க" என்று கத்தினேன். அவர் கை உள்ளே தகட்டைத் தடவித் தடவி அலைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவரே வெட்டிய கீற்று. அவருக்கு அது கிடைக்கவில்லை. "மேல, இன்னும் மேல, வலப்பக்கம்" — என் வலதா, அவர் வலதா? எனக்கே குழம்பிவிட்டது. நாலு நிமிஷம் இருக்கும். சாவி வந்து விழுந்தது.

வெளியே இழுத்துப் போட்டபோது முகமெல்லாம் கரி. தரையில் உட்கார்ந்து அழுதோம், இரண்டு பேரும், வெட்கமில்லாமல்.

ஏப்ரல் 20, திங்கள்

சொல்லியே விட்டேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம், எனக்கு வரவில்லை.

"பனி பாக்கப் போற மனுசன் கட்டுன வண்டியில ஒரு ஜன்னல் இருக்கா?"

கையால் நாலு சுவரையும் தடவிப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்தில் அவர் செய்த எந்தப் பெட்டிக்கும் ஜன்னல் வைத்ததில்லை. அது இல்லை என்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 23, வியாழன்

ஜன்னலுக்கு அறுக்கிறார்கள். பேச்சிமுத்து சாக்பீஸால் கோடு போடுகிறார், அவர்தான் கட்டரும் பிடிக்கிறார். இவர் பக்கத்தில் நின்று சத்தத்தை வைத்தே "கோணப் போகுது அப்பு" என்கிறார். எஞ்சினுக்கு அடியில் தவிர, தடிமனான தகடெல்லாம் போய் மெல்லிய தகடு வருகிறது; பிரேக்கும் மாற்றியாயிற்று. லாக்கர் பூட்டுக்குப் பதில் சாதாரணக் கொண்டி.

ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகட்டை மட்டும் தொடவிடவில்லை. "அது ஒனக்கு. இருக்கட்டும்." சரி, இருக்கட்டும். இதையாவது விட்டுக்கொடுக்காவிட்டால் நான் என்ன மனுஷி.

மே 2, சனி

அரிசி, பருப்பு, தண்ணீர், கம்பளி, நாங்கள் இரண்டு பேர். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூற்றுப் பத்து. நாளைக் காலையில் கிளம்புகிறோம்.

மே 9, சனி

நாக்பூர் தாண்டியாயிற்று. இடது கண்ணில் இப்போது ஒன்றுமே இல்லையாம். மூன்று நாளாகவே இல்லையாம். மூன்று நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்லவில்லை. திட்டக்கூடத் தெம்பில்லை. ஓட்டுகிறேன்.

மே 17, ஞாயிறு

மணாலி தாண்டி, ஆற்றோரம்.

காலையில் மேகம் விலகியது. எதிரே மலை முழுக்க வெள்ளை. ஜன்னல் மறுபக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்தியிருந்தேன். உள்ளே படுத்திருந்தவரை இறங்கி வாங்க என்றேன்.

"மாட்டேன். அப்பறம் எதுக்கு ஜன்னல வெட்டுனோம்? வண்டியத் திருப்பு. மல நேரா வந்தாத் தட்டுறேன்."

வலது கண்ணில் சாவித் துளை அளவுக்குத்தான் மிச்சம். முன்னால் ஏறி, அங்குலம் அங்குலமாகத் திருப்பினேன். தட்டல் வரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினேன். முதுகுக்குப் பின்னால் அந்தத் தகட்டில் ஒரே ஒரு தட்டு. எனக்கு ஒரு கணம் சிறுமலை ஞாபகம். எஞ்சினை அணைத்தேன்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பயந்து இறங்கிப் பின்னால் ஓடினேன். கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் தூங்காத மனிதர், அதைத் திறந்தே போட்டிருந்தார்.

நான் போய் நின்றது அவருக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.