மறியலுக்குப் போன அம்மாவுக்கு

என் செல்ல அம்மா,

நீங்கள் கண் மூடிப் பத்து மாதம் ஆகிறது. உங்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறது. சந்தோசப்பட வேண்டாம். அதில் இருப்பது நீங்கள் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மகள்தான் அதை இரண்டு நாளாக எனக்கு வாசித்துக் காட்டினாள். இந்தக் கடிதத்திலும் எழுத்துப் பிழைகளை அவள் திருத்தித் தந்தாள். கோபத்தைத் திருத்த நான் விடவில்லை.

போன வருடம் கைபேசியை உங்கள் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு இருந்தாளே ஒரு பிள்ளை, சென்னையில் வளர்ந்தவள். சிறைச்சாலைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிச் சிறுவர்களுக்கு ஒரு சரித்திரக் கதை எழுதப் போகிறேன் என்றாள். நீங்களும் பல்லில்லாத வாயால் சிரித்துச் சிரித்துக் கதைத்தீர்கள். "அப்ப நான் கிழமைக்கு ரெண்டு நாள் மறியலுக்குப் போவன் பிள்ளை. வெயிலுக்கை வாசலிலை நிப்பன். ஒருநாள் தள்ளுப்பட்டு விழுந்து முழங்காலும் உடைஞ்சது" என்றீர்கள்.

நீங்கள் கதைத்ததை அவள் கதை ஆக்கிவிட்டாள். எங்களுக்கு மறியல் என்றால் ஜெயில். அவள் வளர்ந்த ஊரில் மறியல் என்றால் ரோட்டை மறித்துக் குந்தியிருந்து கோசம் போடுவதாம். ஆகவே புத்தகத்தில் நீங்கள் செவ்வாயும் வெள்ளியும் சிறைச்சாலை வாசலை மறித்துக்கொண்டு இருக்கிறீர்கள். கொடி பிடிக்கிறீர்கள். பொலிஸ் தடியால் அடித்து உங்கள் முழங்காலை உடைக்கிறது. பொலிஸ் எங்கேயிருந்து வந்தது அம்மா? உள்ளே இருப்பவர்களைப் பார்க்க நின்ற வரிசையில் பருத்தித்துறைப் பொம்பிளை ஒருத்தி முந்தப் பார்த்தாள். நீங்கள் அவளின் சேலையைப் பிடித்து இழுத்தீர்கள். இரண்டு பேருமாகச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தீர்கள். நடந்தது அவ்வளவுதான்.

கதையில் ஒரு சின்னப் பெண்ணும் வருகிறாள். அது நானாம். அவள் சிறைச்சாலை மதிலில் தட்டுகிறாளாம், உள்ளேயிருந்து ஒரு கைதி திருப்பித் தட்டுகிறானாம். எங்கள் வேலிக்கும் அந்த மதிலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை கிடந்தது. மதிலின் தடிப்பு என் கை நீளம். தட்டினால் யாருக்குக் கேட்கும்? எனக்குக் கேட்டதெல்லாம் உள்ளே அடிக்கிற மணியும், ஒழுங்கையால் போகிறவர்கள் எங்கள் வேலிப் படலையடிக்கு வந்ததும் குரலைக் கூட்டிச் சொன்ன பெயரும்தான். "மறியல்காரன் பெண்டில்." உங்களுக்கு வேறு பெயர் இருந்ததை அவர்கள் மறந்தே போனார்கள்.

போன மாதம் எங்கள் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் புத்தகத்தை வெளியிட்டார்கள். என்னை முன்வரிசையில் இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் யார் தெரியுமா? எங்கள் பக்கத்து வீட்டு அந்தோனியா மாமி. தொண்ணூறை நெருங்கினாலும் வாய் குறையவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிறா, "உன்ரை கொம்மா ஒரு வீரி எண்டு எனக்கு அப்பவே தெரியும் பிள்ளை."

"அப்ப ஏன் மாமி உங்கடை நல்ல தண்ணிக் கிணத்திலை எங்களை அள்ள விடேல்லை?"

"அது அந்தக் காலம்."

"மறியல்காரன் வீட்டு வாளி பட்டாலே தீட்டெண்டு கயிறைக் கழட்டி வைச்சனீங்கள்."

"உனக்கு இப்ப என்ன வேணும்? சபையிலை வைச்சு என்னை அழப்பண்ணவோ?"

ஓம், அதுதான் வேண்டும் என்று நினைத்தேன். கோயில் மண்டபம் என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அங்கே இருந்த கிழடுகள் அத்தனை பேருக்கும் மறியல் என்றால் என்னவென்று தெரியும் அம்மா. அப்பா ஏன் உள்ளே போனார் என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கைதட்டினார்கள். உங்களைத் தள்ளி வைத்ததற்கு மன்னிப்புக் கேட்பதைவிடக் கைதட்டுவது சுகம்.

பிறகு என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்து, இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

"என்ரை அம்மா ஒருநாளும் ரோட்டிலை குந்தியிருக்கேல்லை. அவ மறியலுக்குப் போனது அப்பாவுக்குச் சோறு குடுக்க. அப்பா உள்ளுக்கை இருந்தது மீன்பிடி வலைச் சண்டையிலை தன்ரை மச்சானின்ரை கையை வெட்டினதுக்கு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பங்குச் சுவாமி எழுந்து, "றீற்றா, இன்னும் நாலு பேர் கதைக்க இருக்கினம், சுருக்கமா முடியுங்கோ" என்றார். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மீன் துண்டைப் பற்றியும் சொன்னேன்.

என்னோடு கோபிக்காதீர்கள். வழக்கு நடந்த ஒரு வருடமும் விளக்கமறியலில் இருந்தவருக்கு வீட்டுச் சாப்பாடு கொடுக்க விட்டார்கள். செவ்வாயும் வெள்ளியும் வாழையிலையில் சோறு வைத்து, மீன் துண்டு எல்லாவற்றையும் அதன் மேல் அடுக்குவீர்கள். எனக்கும் தம்பிக்கும் குழம்பு. நானும் உங்களோடு வருவேன். வாசலில் காவற்காரன் ஈர்க்கால் சோற்றைக் கிண்டிப் பார்த்து உள்ளே விடுவான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அப்பா இருந்து தின்றுவிட்டு, "உப்புக் காணாது. உனக்கு நாக்குச் செத்துப் போச்சோ?" என்பார். பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று ஒருநாள் கேட்டிருப்பாரா?

தீர்ப்புச் சொன்ன மறுநாள் செவ்வாய்க்கிழமை. இனி வீட்டுச் சாப்பாடு இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். நீங்கள் பார்சலோடு வீட்டுக்கு வந்து, அதை அவிழ்த்து, விளைமீன் துண்டுகளை எங்கள் இரண்டு பேருக்கும் பிரித்து வைத்தீர்கள். பிறகு அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்து அழுதீர்கள். எனக்குத் தெரிந்தது. தெரியாதவள் போல முள்ளையும் சப்பித் தின்றேன். அப்பாவுக்குத் தண்டனை கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோசம். இதையும் மேடையில் சொன்னேன். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

விழா முடிந்ததும் எழுதிய பிள்ளை ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மறியல்னா போராட்டம்னுதான் நினைச்சேன் அம்மா. ஆனா இது கதைதானே? பிள்ளைங்களுக்கு ஒரு நல்ல முன்மாதிரி வேணும்ல?"

"உமக்கு விளங்காத சொல்லை ஏன் எங்களிட்டைக் கேக்கேல்லை?" என்று கேட்டேன். அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

ஆனால் அவள் போன பிறகு ஒன்று உறைத்தது. நானும் உங்களிடம் கேட்கவில்லையே. அந்த மனிசனுக்கு ஏன் அத்தனை நாள் வெயிலில் நின்றீர்கள்? அன்பா? அவர் வெளியே வந்து அடிப்பார் என்ற பயமா? சனத்தின் வாய்க்குப் பயந்தா? அவர் திரும்பி வந்து நாலு வருடம் இருந்து செத்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் நீங்களும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் ஏன் கேட்கவில்லை?

தம்பி யூட் பிரான்சிலிருந்து போன் எடுத்துச் சன்னதம் ஆடினான். மேடையில் நான் கதைத்ததை யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, உங்களுக்கு விசரே? ஆர் உதைக் கதைக்கச் சொன்னது? பொய்யெண்டாலும் நல்ல பொய்தானே? என்ரை பிள்ளையள் இப்பதான் அப்பம்மாவின்ரை பேரைச் சொல்லுதுகள்."

"அப்பம்மா உயிரோடை இருக்கேக்கை அதுகள் ஒருக்காவது போன் எடுத்ததுகளோ?"

அவன் பேச்சை மாற்றினான். உங்கள் ஆண்டுத் திருப்பலிக்குக் கல்லறையில் கல் வைக்கப் போகிறோம் அல்லவா, அதில் வெட்ட வேண்டிய எழுத்தைக் கல்லுக்காரருக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லிப் போனை வைத்தான். "சிறைவாசலில் மறியல் செய்த வீரத்தாய்."

கல்லில் வெட்டினால் அதுதான் நீங்கள் அம்மா. புத்தகம் கிழியும். கல் கிடக்கும். எங்கள் சனம் வாசித்து உள்ளுக்குள் சிரிக்கும். தெரியாத சனம் வாசித்துவிட்டு வேறு யாரோ ஒரு பொம்பிளைக்கு மெழுகுதிரி கொளுத்தும்.

நேற்றுக் காலை கல் வெட்டுகிற பட்டறைக்குப் போனேன். உங்கள் பெயருக்குக் கீழே அந்த வரியைக் கல்லுக்காரர் பென்சிலால் கீறி வைத்திருந்தார். சேலைத் தலைப்பைத் தண்ணீரில் நனைத்து அழித்தேன். மனிசன் பதறிப் போனார்.

"அக்கா, தம்பியெல்லோ எழுதச் சொன்னவர்."

"தம்பி பிரான்சிலை. நான் இஞ்சை நிக்கிறன். பேரும் பிறந்த திகதியும் செத்த திகதியும் வெட்டுங்கோ. காணும்."

"அப்ப கீழை இவ்வளவு இடமும் வெறுமையாக் கிடக்குமே?"

"கிடக்கட்டும்" என்றேன்.

நீங்கள் எதற்காகப் போனீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். புத்தகம் எழுதியவளுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒருவரும் அந்த வெறும் இடத்தில் ஒரு சொல்லும் வெட்டாமல் நான் பார்த்துக்கொள்வேன். என் மூச்சு இருக்கும்வரை இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
றீற்றா