பிடோக் ரொட்டிக் கடையில் அவர்

8-6-63, சனி

விடியலில் காற்றும் மழையும். கொடித் துணி பாதி நனைந்துவிட்டது. கட்டுரை நோட்டுகள் திருத்த வேண்டும். புளி, நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது.

மதியச் சாப்பாடு ஆனதும் அவர் கோயில் பஜனைக்குக் கிளம்பினார். சனிக்கிழமை தவறுவதே இல்லை. வேட்டி, நெற்றி நிறைய விபூதி, தோளில் துணிப்பை. "வர லேட்டாகும், நீ சாப்பிட்டுடு."

பிறகு மரியம். எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். கீழே அவள் அண்ணன் கார். "அக்கா, பிடோக் போறோம், வாங்க லா. பாக் இஸ்மாயில் கடை ரொட்டி. நீங்க சாப்பிட வேணாம், சும்மா காத்து வாங்குங்க."

போனேன்.

ரோட்டோரம் கடலைப் பார்த்த தகரக் கொட்டகை. என்ன கூட்டம்! வெள்ளைக்காரச் சிப்பாய்கள், சீனக் குடும்பங்கள், நம்மவர்கள். மலாய்க்காரர் பாக் இஸ்மாயில் முன்பு சாங்கியில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரராம். சிங்கி இறாலை அவித்து, ஓடு உடைத்து, சதையை வெண்ணெயிலும் மிளகாய்ச் சம்பாலிலும் புரட்டி, கரியில் வாட்டிய நீள ரொட்டிக்குள் அடைத்துத் தருகிறார். ம. வரிசையில். நான் தென்னை மரத்தடியில், இளநீரோடு.

வாசனை வந்ததும் அப்பா ஞாபகம். தேக்கா சந்தையில் மீன் கடை வைத்திருந்தார். கல்யாணமான முதல் வாரமே இவர் சொன்னது: "எங்க வீட்டுல மீன் ஆகாது. நீயும் விட்டுடணும்." விட்டேன். அப்பா வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் நுழையலாம். எனக்காக எடுத்துவைத்த வஞ்சிரத்தை அங்கேயும் தொடவில்லை. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. நான் போகும் நாட்களில் அவரும் கத்திரிக்காய்க் குழம்புதான் சாப்பிட்டார். போன வருஷம் சாகும்வரை அப்படித்தான்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. தெரிந்த சிரிப்பு.

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்க மேசையில் அவர். கால்சட்டையில். வேட்டி பைக்குள் இருக்கும். விபூதி அப்படியே. கையில் ரொட்டி, உதட்டோரம் வெண்ணெய். கூட அலுவலகத்து ஆட்கள் இருவர். பாக் இஸ்மாயில் எட்டிப் பார்த்து, "பியாசா?" என்றார். வழக்கமானதுதானே என்று. இவர் இன்னொன்றுக்குத் தலையாட்டினார்.

கூட இருந்தவர் கேட்டார்: "வீட்டுல தெரியுமா?"

"அவளுக்கா? மீன்காரன் மகளையே சைவமாக்கினவன் லா நான்!"

மூவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

ம.விடம் தலைவலி என்றேன். அவளும் பார்த்தாளோ என்னவோ. காரில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

9-6-63, ஞாயிறு

நல்ல வெயில். கொடியில் நேற்றுக் கட்டிய புடவை. அவர் முகர்ந்து பார்த்தார்.

"மீன் வாடை அடிக்குதே. எங்க போன?"

என்னைக் கேட்கிறார்!

"மரியத்தோட பிடோக். ரொட்டிக் கடை."

முகம் செத்துப்போயிற்று. துண்டை மடித்தார், பிரித்தார், மடித்தார். "ஆபீஸ் ஆளுங்க இழுத்துட்டுப் போய்ட்டாங்க. நேத்து ஒரு தடவைதான்."

"கடைக்காரர் பியாசான்னு கேட்டாரே."

காப்பி குடித்து முடித்த பிறகு: "ஆம்பளைங்க வெளியில நாலு இடம் போவோம் வருவோம். வீடு சுத்தமா இருக்கணும்னுதானே சொன்னேன்." போய்ச் சாமி விளக்கேற்றி மணியடித்தார்.

தின்றால் தின்னட்டும். அப்பாவை வைத்துச் சிரித்தாரே. பஜனையில் என்ன பாடினார்கள் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பேன். பாடியே காட்டுவார்.

12-6-63, புதன்

பள்ளி முடிந்து நேரே தேக்கா. அப்பா கடை இருந்த இடத்தில் இப்போது ஒரு சீனர். வஞ்சிரம் நாலு துண்டு. வெட்டித் தரும்போது தலை வேண்டுமா என்றார். வேண்டாம்.

குழம்பு வைத்தேன். கை மறக்கவில்லை. மாங்காய் போட்டேன், அப்பா வைப்பதுபோல. ஆசையாகத்தான் உட்கார்ந்தேன்.

ஒரு வாய். குமட்டியது. துப்பிவிட்டேன். தண்ணீர் குடித்து மறுபடி. அதுவும் இறங்கவில்லை. எனக்கு உயிரான மீன்! நாக்கையே பிடுங்கிக்கொண்டார். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், சட்டி ஆறும்வரை. பிறகு அதைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

அவர் வந்தார். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. கை கழுவிவிட்டு உட்கார்ந்தார், எல்லாம் சரியாகிவிட்டதுபோல.

"மீனா? எனக்கும் போடு."

"கொடுத்துட்டேன்."

"ஏன்?"

"எனக்கு இறங்கல."

"விடப் பழகினவ, திங்கப் பழக மாட்டியா? மெதுவா வரும்."

ஆறுதலாம்.

15-6-63, சனி

ஒரே புழுக்கம். ம. இஞ்சி முரப்பா கொடுத்தனுப்பினாள். பாவம்.

அவர் கிளம்பினார். வேட்டி, விபூதி. பை இல்லை, அதை நான் பார்க்கட்டும் என்று வெறுங்கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

"இன்னைக்கு நிஜமாவே கோயில்தான்."

"எங்க வேணும்னாலும் போங்க. எங்கிட்டச் சொல்லிட்டு மட்டும் போகாதீங்க."

"நம்ப மாட்டியா?"

சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. நிற்பது தெரிந்தது. பிறகு மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

கோயிலாகவே இருக்கலாம். எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

ரசம் வைத்தேன். எனக்கு மட்டும்.