சளி மாதிரி

அக்கா,

இன்று காலை பொகவந்தலாவையில் ஒரு புதுப் பெட்டியைப் பிரித்தேன். உள்ளே டப்பாக்கள். சிவப்பு மூடி, புது பிளாஸ்டிக்கின் வாசனை. ஒவ்வொரு டப்பாவிலும் ஒட்டியிருந்த சீட்டில் அதே இரண்டு சொற்கள். சளி மாதிரி.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் உங்கள் லயம். பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு குடும்பம், ஒரே கூரை. பல்கலைக்கழகம் முடித்து, காசநோய் கண்டறியும் குழுவில் நான் சேர்ந்திருந்த முதல் மாதம். நானும் இப்படி ஒரு லயத்தில்தான் பிறந்தேன். ஆனால் நான்கு வருடம் அச்சுத் தமிழில் படித்து, எழுதி, பேசியதில் நாக்கு எங்கோ போயிருந்தது. உங்கள் வாசலில் நின்று சொன்னேன்: "இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி மாதிரி தர வேண்டும்."

டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தீர்கள். "சரிங்க மிஸ்."

மறுநாள் கொடுத்தீர்கள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அதை நானே வந்து சொன்னேன், சந்தோஷமாக. நீங்கள் பிளேன்டீ ஊற்றித் தந்தீர்கள்.

மூன்று மாதம் போனது.

அடுத்த முறை உங்களைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. முந்தானையில் இருமிவிட்டு, அந்த இடத்தை மடித்து மறைத்தீர்கள். மடிப்பில் சிவப்பு தெரிந்தது.

போன தடவை டப்பாவில் என்ன துப்பினீர்கள் என்று கேட்டேன்.

"எச்சிதான் மிஸ்."

"நான் சளி அல்லவா கேட்டேன்?"

"எங்க கேட்டீங்க? சளி மாதிரி கேட்டீங்க. சளிய அப்பிடியே குடுத்தா டாக்டருக்கு அருவருப்பா இருக்கும், அதான் சளி மாதிரி ஏதாச்சும் போதும்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். வாயக் கொப்புளிச்சி, நல்ல சுத்தமாத்தான் குடுத்தேன்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், இருமல் வந்து வெட்டும் வரை. படிப்பில் மாதிரி என்றால் எடுத்துப் பார்க்கும் கொஞ்சம். உங்கள் வாயில் மாதிரி என்றால் போல. அந்த இடைவெளியில் மூன்று மாதம் கிருமி உங்கள் நெஞ்சில் இருந்திருக்கிறது.

"படிச்ச புள்ளதானே நீ? தமிழ்ல ஒரு வார்த்த ஒழுங்காச் சொல்லத் தெரியலயே."

மிஸ் போய்ப் புள்ள ஆனது அன்றுதான்.

மறுநாள் காலையில், வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் முன்பே வந்தேன். பீலிக்கரையில், தண்ணீர் கொட்டும் சத்தத்துக்கு அருகில், இருவரும் வெளியில் நின்றோம். ஆழமாக மூச்சை இழுத்து, நிறுத்தி, அடியிலிருந்து இருமச் சொன்னேன். இருமினீர்கள். டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். "இதயா கேட்ட? இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

முடிவு வந்தது. ஆறு மாதம் மாத்திரை. தேறினீர்கள். ஆனாலும் மேடு ஏறும்போது நடுவில் ஒரு தடவை நின்றுதான் ஏறினீர்கள்.

பிறகு ஞாயிறுகளில் என்னோடு வரத் தொடங்கினீர்கள். நான் அழைக்கவில்லை. "நீ தனியாப் போனா இன்னும் எத்தன பேருகிட்ட மாதிரி வாங்கிட்டு வருவியோ," என்றீர்கள்.

உங்கள் லயத்தில் காம்பராச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. எல்லோருடைய இருமலும் எல்லோருக்கும் கேட்கும். நீங்கள் அதைப் பிரித்து வைத்திருந்தீர்கள். இது பீடி இருமல். இது பனி இருமல். பக்கத்துக் காம்பராவில், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற அண்ணனுடையது வேறு.

"எப்படித் தெரியும்?"

"இருமல் வர்றப்ப எல்லாம் ரேடியோ சத்தத்தக் கூட்டுறாரு புள்ள. பாட்டு நல்லாருந்தாலும் கூட்டுறாரு, நல்லா இல்லாட்டியும் கூட்டுறாரு."

சுவருக்கு மேலாக நீங்கள் அவரிடம் கத்தியது நினைவிருக்கிறது: "அண்ணே, வேற பாட்டுப் போடுங்க! இதுல இருமல் கேக்குது!"

அவர் சிரிக்கவில்லை. வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல், உங்களிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. மகளுக்கு இப்பதான் பேசி முடிச்சிருக்கோம். இந்தப் புள்ள டப்பாவோட என் வாசல்ல நிக்கிறத யாரும் பாத்தா, அந்த வீட்டுல என்ன நெனப்பாங்க?"

நான் பேச வாயெடுத்தேன். மருந்து இருக்கிறது, குணமாகும், இரகசியம் காப்போம். என் கையை அழுத்தினீர்கள்.

இரவெல்லாம் யோசித்தீர்கள் போல. காலையில் திட்டம் இருந்தது. லயத்தில் இருமுகிற எல்லோருக்கும் டப்பா. பனிக்காலத்தில் இருமாதவர் யார்? எல்லோரும் ஒரே காலையில், ஒரே இடத்தில்.

பரிசோதனைக்கூடத்தில் திட்டுவார்கள் என்றேன்.

"திட்டு வாங்கு. எல்லார் கையிலயும் டப்பா இருந்தா எது யாருதுன்னு எவன் கேப்பான்?"

முதலில் நீங்கள் போய் நின்றீர்கள், குணமானவர். "மாதிரி கீதிரி இல்ல. நெஞ்சுக்குள்ள கெடக்குதே, அதத்தான் கேக்குறாங்க. அசிங்கம் பாக்காதீங்க," என்று சத்தம் போட்டுவிட்டு இருமிக் காட்டினீர்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசிக்கு முந்தியவராக அவர். தலையில் தொப்பி, மூக்கு வரை இறக்கி.

ஹட்டன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தோம். கண்டக்டர் மூடியைத் தட்டினார். "என்னா, மீனா?"

"ஐஸ்கிரீம்," என்றீர்கள். "ஒண்ணு எடுத்துக்கங்க தம்பி."

கவ்வாத்து அண்ணனுக்குக் கிருமி இருந்தது. இன்னும் பரவாத நிலை என்றார் டாக்டர். உங்களுக்குக் கிடைக்காத அந்த மூன்று மாதம் அவருக்குக் கிடைத்தது. தினமும் காலையில் சுவருக்கு மேலாக நீங்கள் கேட்பீர்கள்: "அண்ணே, முழுங்கியாச்சா?" அங்கிருந்து பதில் வரும்: "ஆச்சு, ஆச்சு, ஊரக் கூட்டாத." மகளின் கல்யாணத்தில் அவர் இரண்டு தரம் சாப்பிட்டார்.

போன மழையில் உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இந்தத் தடவை கிருமி இல்லை. ஏற்கெனவே தழும்பேறிய நெஞ்சு, தாங்கவில்லை; போய்விட்டீர்கள். அந்த மூன்று மாதம் அதில் எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டேன். அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அவர் நல்லவர். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ஆனால் இன்று என்னோடு யார் வந்தது தெரியுமா? கவ்வாத்து அண்ணன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினார். மேட்டில் எங்கும் நிற்கவில்லை. நான் பேனாவை எடுத்துச் சீட்டுகளில் இரண்டாவது சொல்லை அடித்துக்கொண்டிருந்தேன். அவர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மாதிரி கீதிரி இல்ல. நெஞ்சுக்குள்ள கெடக்குதே..."

உங்கள் குரல், ஆண் தொண்டையில்.

ஒரு பெண் தயங்கி நின்றாள். உங்கள் வயதுதான் இருக்கும். டப்பாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "டாக்டருக்கு அருவருப்பா இருக்காதா மிஸ்?"

"இருக்காதுக்கா," என்றேன். "அதயே குடுங்க."

அவள் வரம்புப் பக்கம் திரும்பினாள். இழுத்த மூச்சு எனக்குக் கேட்டது. நிறுத்தியது கேட்டது. பிறகு அடியிலிருந்து வந்த இருமல்.

மூடியைத் திருகி என் கையில் தந்தாள். காலைப் பனியில் டப்பா சூடாக இருந்தது. ஹட்டன் பஸ் வரும்வரை அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.