கல்லுப்பாட்டின் கடைசிச் சரணம்

ஆகஸ்ட் 4

மன்றத்தின் மூத்த உறுப்பினருக்கு,

நம் பாட்டு மன்றத்தின் இரண்டு நாள் கூட்டம் இரண்டு வருடமாகக் கல்லுப்பாட்டு இல்லாமலே முடிந்தது. இந்த வருடமும் அப்படி முடிந்தால் மன்றத்தையே மூடிவிடலாம் என்று உறுப்பினர்கள் நேற்று என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நலமாக இருப்பாய். நம் மகள் சொன்னாள், தையல் மெஷின் ஆறாகிவிட்டதாம், பள்ளிச் சீருடை ஆர்டர் குவிகிறதாம். சந்தோஷம். இங்கே கடையும் நானும் பெயிண்ட் வாசனையோடு இருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் கடைசிப் பாட்டாக நர்ஸம்மா தாலாட்டுப் பாடினார். நம் கோடவுனில் நின்ற நூற்றைம்பது பேரும் சேர்ந்து பாடத்தான் செய்தார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டே வீட்டுக்கும் போனார்கள். தாலாட்டின் வேலை அதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு நாள் தொண்டை கிழியப் பாடியவர்களைத் தெம்பாக வீட்டுக்கு அனுப்ப உன் பாட்டு ஒன்றால்தான் முடியும்.

மன்ற விதி உனக்குத் தெரியும். ஒரு பாட்டைக் கொண்டுவந்தவர் உறுப்பினராக இருக்கும்வரை, அவர் சம்மதம் இல்லாமல் வேறொருவர் அதை முன்பாடக் கூடாது, அதாவது முன்னால் நின்று எடுத்துக்கொடுக்கக் கூடாது. பிளம்பரும் மருந்துக்கடைக்காரரும் ஒரே பாட்டுக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்ட அன்றைக்கு நானே எழுதிய விதி. நீ வீட்டை விட்டுப் போனாயே தவிர மன்றத்தை விட்டுப் போகவில்லை. ஜனவரி பிறந்தால் உன் சந்தா டாண் என்று வந்து நிற்கிறது.

ஆகவே கேட்கிறேன். செப்டம்பர் 20, 21 கூட்டத்தில் கல்லுப்பாட்டை நர்ஸம்மா முன்பாடச் சம்மதம் கொடு. பதிலுக்கு என்ன வேண்டும் என்று சொல். நான் மணி அடித்ததைப் பற்றி மட்டும் மறுபடி ஆரம்பிக்காதே. பத்து நிமிடம் என்றால் எல்லோருக்கும் பத்து நிமிடம்தான். பெண்டாட்டிக்கு மட்டும் பதினைந்து என்றால் அப்புறம் யார் என்னை மதிப்பார்கள்?

இப்படிக்கு,
மன்றச் செயலாளர்


ஆகஸ்ட் 9

செயலாளர் அவர்களுக்கு,

நலம். மெஷின் ஏழு. மகள் எண்ணினால் ஒன்று குறையும், அப்பாவைப் போல் கெட்டிக்காரி இல்லை.

போனில் என்றால் நீங்கள் பேசியே ஆளைக் கவிழ்த்துவிடுவீர்கள். கடிதம்தான் எனக்கு வசதி.

மணியைப் பற்றிப் பேசாமல் எதைப் பேசுவது? அன்றைக்கு நான் பாட ஆரம்பித்து எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. மருந்துக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். நீங்கள் நேரம் பார்த்து அடிக்கவில்லை. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து அடித்தீர்கள்.

கடைசிச் சரணத்துக்கு முன்னால் நான் நிறுத்துவேன். கூட்டம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்புறம் எல்லோரும் ஒன்றாக எடுப்பார்கள். அந்த நிறுத்தத்தில் அடித்தீர்கள். "அடுத்தது பால்காரர், மேளத்தோட மேலே வாங்க" என்று கூப்பிடவும் செய்தீர்கள். பால்காரர் பாவம், மேளத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடிப்போனார்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருந்தேன். "ஏன், இன்னும் பாட்டு பாக்கி இருந்துச்சா?" என்று கேட்டீர்கள். இருபத்திரண்டு வருடமாக அதை மேடையிலும் பாடியிருக்கிறேன், அடுப்படியிலும் பாடியிருக்கிறேன். மறுநாள் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது அந்தக் கேள்விக்காகத்தான்.

நர்ஸம்மாவுக்குச் சம்மதம் தருவதில் எனக்குத் தடையில்லை. ஒரே ஒரு கேள்வி. கடைசிச் சரணம் என்ன? யாரையும் கேட்காமல் எழுதி அனுப்புங்கள். சரியாக இருந்தால் பாட்டு உங்களுடையது.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர்


ஆகஸ்ட் 16

பிடிவாதக்காரிக்கு,

தெரியாது.

மூன்று நாள் யோசித்தேன். "வாங்கிக் கொடு, வாங்கிக் கொடு" என்று வரும் பல்லவி தெரியும். முதல் சரணத்தில் சித்தாள் மேஸ்திரியைக் கிண்டல் செய்வாள், அது தெரியும். அதற்கு மேல் மண்டையில் ஒன்றுமில்லை. ஏன் என்றும் யோசித்தேன். நீ பாடும்போதெல்லாம் நான் கடைசியில், கதவோரம் நிற்பேன். நாற்காலி போதுமா, டீ எவ்வளவு மிச்சம், வெளியே வண்டியை யார் குறுக்கே விட்டது, இதுதான் என் கவலை. கைதட்டல் கேட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

குறுக்கு வழியும் பார்த்தேன், மறைக்கவில்லை. பிளம்பரைக் கேட்டேன். "யாரையும் கேக்கக் கூடாதுன்னு அக்கா எழுதியிருப்பாங்களே முதலாளி" என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குள் என்ன ஏற்பாடோ. மகளின் போனில் அன்றைக்குப் பிடித்த பதிவு இருந்தது. போட்டுக் கேட்டேன். என் மணியோடு முடிகிறது. இரண்டாவது முறை போடக் கை வரவில்லை.

நேற்று ஒத்திகையில் ஒரு யோசனை சொன்னேன். யாருமே முன்பாடாமல் எல்லோரும் சேர்ந்தே பாடினால் விதி எங்கே மீறுகிறது? நிறுத்தம் வரை ஜோராக வந்தது. அப்புறம் பால்காரர் முந்திக்கொண்டார், மருந்துக்கடைக்காரர் பிந்திவிட்டார், பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை, ஒரே சந்தைக் கூச்சல். நர்ஸம்மா புத்தகத்தை மூடிவிட்டு, "அவங்க இல்லாம இது வராதுங்க" என்றார்.

எத்தனை விநாடி நிறுத்த வேண்டும், அதையாவது சொல். ஆறா, ஏழா? கடிகாரத்தோடு முன்னால் நின்று கை காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தோற்றாலும் கடையை மூடாதவன்


ஆகஸ்ட் 21

கடைக்காரருக்கு,

"தெரியாது" என்ற வார்த்தை உங்கள் கையெழுத்தில் எப்படி இருக்கும் என்று இப்போதுதான் பார்த்தேன். மெஷின் மேஜை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விநாடிக் கணக்கு கிடையாது. அது என் அம்மா கட்டட வேலையில் பாடிய பாட்டு. வரிசையாக நின்று செங்கல்லைக் கைக்குக் கை கொடுக்கும்போது பாடுவார்கள். அம்மா எண்ணியதில்லை, பக்கத்தில் நின்றவர்களும் எண்ணியதில்லை. எப்போது எடுக்க வேண்டும் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. ஏழு வயதில் மணல் குவியல்மேல் உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்கு அந்தப் பாட்டு வந்தது. இதை நீங்கள் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை, அது என் தப்பு.

கேள்விக்குப் பதில் வரவில்லை, அதனால் சம்மதமும் இல்லை. மறுபடி கேட்காதீர்கள். நான் வரப்போவதும் இல்லை. இங்கே சனிக்கிழமை வேலை முடிந்ததும் மெஷின்களை நிறுத்திவிட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து பாடுகிறோம். மணி கிடையாது, செயலாளர் கிடையாது. நன்றாகத்தான் நடக்கிறது.

பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

இப்படிக்கு,
என் அம்மாவின் மகள்


செப்டம்பர் 6

அன்புள்ளவளுக்கு,

வியாழக்கிழமை பெயிண்ட் லோடு வந்தது. இருபது லிட்டர் டப்பா, முந்நூறு. இறக்குகிற ஐந்து பேரில் இரண்டு பேர் வரவில்லை. "ஒரு மணி நேரத்துல இறக்கலைன்னா அப்படியே திருப்பி ஓட்டிட்டுப் போயிடுவேன்" என்று லாரிக்காரன் மிரட்டினான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வரிசையில் நானும் நின்றேன். கடை வைக்கும் முன்னால் எட்டு வருடம் லோடு இறக்கியவன் நான். கை மறக்கவில்லை, இடுப்புதான் மறந்துவிட்டது.

கடைசி டப்பா என் கையை விட்டுப் போனது. அடுத்தது வரும் என்று கை தானாக நீண்டது. வரவில்லை. நாலு பேரும் குனிந்தபடியே நின்றோம். பிறகு மெதுவாக முதுகை நிமிர்த்தினோம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. திறக்கத் தோன்றவில்லை. மூச்சு அடங்கியதும் நாலு பேரும் ஒரே சமயத்தில் "அப்பாடா" என்றோம். யாரும் கை காட்டவில்லை.

அங்கேயே ஒரு டப்பாமேல் உட்கார்ந்துவிட்டேன். "என்ன முதலாளி, நெஞ்சு வலியா?" என்று ஒருவன் பதறினான். "இல்லப்பா, தப்பான நேரத்துல மணி அடிச்சிட்டேன்" என்றேன். வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஒரு செம்புத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தான்.

உன் அம்மா முதுகை நிமிர்த்திய நேரத்தில் நான் மணி அடித்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே நியாயம் என்று எழுதியதெல்லாம் சால்ஜாப்பு. மன்னித்துக்கொள்.

நேற்று மன்றத்தில் சொல்லிவிட்டேன். கல்லுப்பாட்டு அவளுடையது, இனி யாரும் அவளைக் கேட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. கூட்டம் நடக்கும். நானும் பிளம்பரும் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் இரண்டு நாள் நடக்கும். மணியை உருக்கிவிட்டேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். நல்ல பித்தளை, மனம் வரவில்லை. பால்காரரிடம் கொடுத்தேன், மாட்டுக்குக் கட்டிவிட்டார்.

பதில் எழுத வேண்டியதில்லை. மாத்திரை போடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்


செப்டம்பர் 12

என்னங்க,

மூன்று வருடத்துக்கு அப்புறம் நேற்று உங்களை நினைத்துச் சிரித்தேன். தலையில் தண்ணீர் ஊற்றிய புண்ணியவானுக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன்.

கூட்டத்தின் இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். கல்லுப்பாட்டை நானே முன்பாடுகிறேன். நாற்காலிகளை எடுத்துவிடுங்கள், எல்லோரும் வரிசையாக நிற்கட்டும். கதவோரம் போகிற வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். வரிசையில் எனக்கு அடுத்த ஆள் நீங்கள். டீயைப் பிளம்பர் பார்த்துக்கொள்வான், சொல்லிவிட்டேன்.

கடைசிச் சரணத்தை மனப்பாடம் செய்யுங்கள்.

கட்டின கையெல்லாம் கதவுக்கு வெளியே
கதவைத் திறந்துவிடு, காத்து வரட்டும்.

பாட மட்டும்தான் வருகிறேன். வீட்டுக்கு வருவேனா என்று மருந்துக்கடைக்காரரோடு பந்தயம் கட்ட வேண்டாம். மாட்டைக் கொஞ்சம் தள்ளியே கட்டச் சொல்லுங்கள்.

உங்கள்
தையல்காரி


செப்டம்பர் 23

என் தையல்காரிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததை மகளிடம் கேட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ நிறுத்தியபோது நான் எண்ணவில்லை. இருநூறு பேர் வரிசையில் என் கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை. பக்கத்தில் உன் முதுகு நிமிர்ந்தது, என் முதுகும் நிமிர்ந்தது, பாட்டு தானாக வந்தது. என் குரல் தகர டப்பா உருட்டுகிற மாதிரி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரர் என் பக்கத்துக் காதைப் பொத்திக்கொண்டதையும் பார்த்தேன். ஆனாலும் சரியான இடத்தில் எடுத்தேனா இல்லையா? பால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேளத்தைத் தட்டினார். நர்ஸம்மா இன்னொரு முறை என்று கேட்டு, மூன்று முறை பாடினோம். ஒருத்தர்கூடக் கொட்டாவி விடவில்லை.

பஸ் ஸ்டாண்டில், "ஏழு மெஷினை விட்டுட்டு நான் எங்கேயும் வர்றதா இல்லை" என்றாய். அப்போது பதிலுக்கு நான் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டதைக் கவனித்தாயா? கவனித்திருப்பாய்.

பஸ் வரும்வரை நாம் வாயால் பேசியதை எழுத்தில் வைப்பது என் தொழில் பழக்கம், கோபிக்காதே. நீ உன் தையல் கூடத்தில், நான் என் கடையில். மாதத்தின் முதல் சனிக்கிழமை நான் உன் ஊருக்கு வருவேன். செயலாளர் பதவியை இங்கேயே வைத்துவிட்டு வருவேன். உள்ளே வந்து மற்றவர்களோடு உட்காருவேன், நீங்கள் பாடும்போது டீ எத்தனை பேருக்கு என்று கேட்க மாட்டேன். கல்லுப்பாட்டு உன்னுடையது, நீ வரும் வருடங்களில் மட்டும் இங்கே பாடப்படும். நான் அன்றைக்கே திரும்புவதா, மறுநாள் காலை பஸ்ஸா என்பதை நீ சொல்லவில்லை. அந்த இடத்தில் நானும் ஒன்றும் எழுதவில்லை.

உங்கள் சனிக்கிழமைப் பாட்டுக்கு நீ கேட்ட நுழைவுக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நான் மூன்று முறை பேரம் பேசியும் நீ இறங்கவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆளுக்கு ஒரு பாட்டு, எல்லாச் சரணமும் சேர்த்து, முன்பாட வேண்டும்.

உன் வீட்டுக்காரன்