மணியை அமுக்கியது யார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நான்கு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன் என்று கோபித்துக்கொண்டாய். போன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய கம்பியில்லா ரேடியோ சர்க்யூட் அட்டைகள் இரண்டும் பத்திரமாக வந்தன. இடுப்பு எலும்பு கூடும்வரை அம்மா தனியாக எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் மாடியில் இருந்தால் அவள் கூப்பிடுவது என் காதில் விழாது. ஆகவே அனுப்பும் அட்டையை ஒரு மாத்திரை டப்பாவுக்குள் வைத்து, மேலே பொத்தான் பொருத்தி, அவள் கழுத்தில் மாட்டினேன். வாங்கும் அட்டையும் மணியும் என் மேசைமேல். முதல் நாள் சிக்னல் மாடிப்படியின் பாதிவரைதான் எட்டியது. நீ சொன்னபடி பதினேழு சென்டிமீட்டர் கம்பியை இரண்டிலும் ஏரியலாகப் பற்றவைத்தேன். வெட்டுமுன் மூன்று முறை அளந்தேன். பிறகு வீடு முழுவதும் எட்டியது. பொத்தான் பச்சையா சிவப்பா என்று கேட்டபோது, "கூப்பிட்டா திரும்பிப் பாக்காத மனுஷனுக்குச் சிவப்புதான் சரி" என்றாள் அம்மா.

மூன்றாம் நாளிலிருந்து வேண்டாத நேரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனால், "நான் அமுக்கலையே" என்பாள். இரண்டு மூன்று தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். ஒரு நாள் ஒன்பது தடவை அடித்தது. இப்படியே போனால் உண்மையாகக் கூப்பிடும் நேரத்தில் நான் அசட்டையாக இருந்துவிடுவேனோ, அவள் தானே எழுந்து விழுந்துவிடுவாளோ என்று பயம் வந்துவிட்டது. யாரோ விளையாடுகிறார்கள் என்று தோன்றியது. ஒரு நோட்டில் மணி அடித்த நேரங்களைக் குறிக்க ஆரம்பித்தேன்.

என் சந்தேகம் முதலில் எதிர்வீட்டு டிரைவிங் ஸ்கூல்காரர்மேல் விழுந்தது. அவர் ரிமோட்டை அமுக்கிக் கார் ஷெட்டின் ஷட்டரைத் திறக்கும் நேரமும் நோட்டில் இருந்த நேரமும் பல இடங்களில் ஒத்துப்போயின. போய்க் கேட்க எனக்குத் துணிச்சல் ஏது? ஜன்னலோரம் நின்று ஐந்து நாள் கவனித்தேன். ஆறாம் நாள் அவரே தெருவில் நிறுத்திக் கேட்டுவிட்டார். "சார், ஒரு வாரமா என் ஷட்டரையே பாத்துட்டு இருக்கீங்க. பிடிச்சிருந்தா சொல்லுங்க, கழட்டித் தந்துடறேன்."

நாக்குக் குழற விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். எங்கள் வாசலில் நின்று ரிமோட்டை அமுக்கினார். மாடியில் என் மணி அடித்தது. குற்றம் என்னுடையதுதான். ரகசிய எண் வைப்பதற்காகச் சிப்பில் உள்ள எட்டுக் கால்களையும் அவருடைய ரிமோட்டில் வாங்கியபடியே விட்டிருந்தார்கள். நானும் அப்படியே விட்டிருந்தேன், அதனால் இரண்டுக்கும் ஒரே எண். அட்டையோடு வந்த விளக்கத் தாளில் "தேவைப்பட்டால் இணைக்கவும்" என்றுதான் இருந்தது. அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவன் நான்; மூலத்தில் உறுதியாக இல்லாததை நானாகச் சேர்த்துப் பழக்கமில்லை. அன்றே இரண்டு பக்கத்திலும் முதல், நான்காம், ஆறாம் கால்களை இணைத்தேன். ஷட்டருக்கு அடிப்பது நின்றது.

ஆனால் மணி முழுவதும் நிற்கவில்லை. நாளுக்கு நான்கைந்து முறை அடித்தது. அம்மாவோ அமுக்கவே இல்லை என்று சாதித்தாள். ஒருநாள் காலை முழுவதும் டப்பாவின் பேட்டரியைக் கழற்றிவைத்துவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. ஆக, வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. அந்தப் பொத்தானைத்தான் யாரோ அமுக்குகிறார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அடுத்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு வரும் அக்காவைச் சந்தேகப்பட்டேன். கிழவனை மாடிப்படியில் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கிறாளோ என்று நினைத்தேன். சுற்றிவளைத்துக் கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "எனக்கு என்ன வாயில்லையா ஐயா? வேணும்னா சத்தமாவே கூப்பிடுவேனே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வருவதில்லை. மணியைக் கீழே எடுத்து வந்து, கட்டில் தெரியும்படி அடுத்த அறையில் உட்கார்ந்தேன். பதினொன்று பத்துக்கு மணி அடித்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அம்மாவின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. எழுந்து போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். பொத்தானை அமுக்கினாயே என்றேன். குனிந்து அந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருதுங்க? எடுத்து வெச்சிடுங்க. பாவம், தேடிட்டு இருப்பாங்க."

திங்கட்கிழமை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே, "ஒரு மாசமாவே அம்மா இப்படித்தான் ஐயா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள். அவள் சொல்வதை அப்படியே நம்பிவிட முடியுமா? என் கண்ணும் முன்போல இல்லை. ஞாயிறன்று விரல் சும்மா அங்கே இருந்திருக்கலாம். பொத்தான் உள்ளே சிக்கியிருக்கலாம். ஈரம் பட்டிருக்கலாம்.

இரண்டு அட்டைகளின் இணைப்புகளையும் பெரிதாக வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நோட்டின் பக்கங்களையும் நகல் எடுத்திருக்கிறேன். நான் நாலு முறை சரிபார்த்தேன், பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. நீ படித்தவள், இதே தொழிலில் இருப்பவள். பொறுமையாக ஒவ்வொரு கம்பியாகப் பார். எங்காவது ஒன்றை நான் தப்பாகப் பற்றவைத்திருப்பேன். இருந்தால் உடனே எழுது, திருத்திவிடுகிறேன். எதுவும் இல்லை என்றால் பதில் எழுத வேண்டாம் அம்மா. நீயே ஒருதரம் வந்துவிடு.

ஆசிகளுடன்,
உன் அப்பா